கெதியா

– அந்தச் சொல்லை ஒருக்காத் தொட்டுக் காட்டுங்கோ, விமலண்ணை.

– எந்தச் சொல்லு, சிவகௌரி?

– கெதியா. "தம்பியைப் பற்றிக் கெதியா அறிவிப்பம்" எண்டு காணாமல் போனவையைத் தேடுற கந்தோரால வாற ஒவ்வொரு கடிதத்திலையும் வாசிக்கிறியளே. ஜேர்மனிக்கு வந்த எனக்கு இஞ்சத்த டொச் மட்டும்தானே தெரியும். இங்கிலீசில அது என்ன?

– சூன். உமக்கேன் உது? தேத்தண்ணி ஆறுது, குடியும்.

– என்ர மகள் ஆதிரைக்குப் பள்ளிக்கூடத்தில அந்தச் சொல்லின்ர பூர்வீகம் சொல்லிக் குடுத்தவையாம். ஆயிரம் வருசத்துக்கு முன்னம் சூன் எண்டால் "உடனே", "இந்த நிமிசமே" எண்டுதான் அர்த்தமாம்.

– அப்பிடியே? பிறகு என்னெண்டு மாறினது?

– சனத்தாலதான். உடனே வாறன் எண்டு சொல்லிப்போட்டு ஆறுதலா வருங்கள். எல்லாரும் அப்பிடிச் செய்யச் செய்ய சொல்லும் தேய்ஞ்சு போச்சாம்.

– ஹ ஹா, நல்ல கதை! நாங்களும் "இந்தா வந்திட்டன்" எண்டு சொல்லிப்போட்டுச் சேட்டுத் தேடுற ஆக்கள்தானே.

– சிரிக்காதேங்கோ அண்ணை. ரெண்டாயிரத்தி ஆறில தம்பியைப் பஸ்ஸால இறக்கிக் கொண்டு போனவங்கள். இண்டைக்கு ரெண்டரை வருசம். ஏழு கடிதம். நீங்கள் வாசிச்சு முடிய நான் யாழ்ப்பாணத்துக்கு அடிச்சு அம்மாட்டச் சொல்லுவன். அவ இப்பவும் அவன்ர சாரத்தைத் தோய்ச்சு மடிச்சு வைக்கிறா.

– தெரியும் பிள்ளை.

– அப்ப காட்டுங்கோ. இது ஏழாவது. எங்க கிடக்குது சூன்?

– கண்ணாடி மற்ற அறைக்குள்ள…

– கண்ணாடி உங்கட மூக்கில கிடக்குது.

– பிள்ளை… அவை எழுதினது "தகவல் ஒண்டும் இல்லை" எண்டு மட்டும்தான். முதல் கடிதத்தில உம்மட முகத்தைப் பாத்தன். அதோட நிப்பாட்ட ஏலாமல் போச்சு. பிறகு ஒவ்வொருக்காலும்… பெரிய பிழை விட்டிட்டன்.

– தெரியும். நேற்று ஆதிரை அகராதியோட இருந்து ஏழையும் பாத்திட்டாள்.

– பிறகேன் கேட்டனீர்?

– உங்கட வாயால வரட்டும் எண்டுதான். மேல தொங்கிக் கொண்டு ஓடுற றெயினுக்குள்ள இருந்து உங்களைத் திட்டித் திட்டித்தான் வந்தனான்.

– திட்டும். நல்லாத் திட்டும்.

– இந்தாங்கோ, எட்டாவது. காலமை வந்தது. நான் உடைக்கேல்லை, ஆதிரைக்கும் காட்டேல்லை.

– மற்றதெல்லாம் ஒற்றைத் தாள். இது பாரமாக் கிடக்குதே.

– ஓம். தடவிப் பாத்தன். அடையாள அட்டை மாதிரி ஒண்டு தட்டுப்படுது.

– ஐயோ பிள்ளை. இனி நான் உள்ளதைத்தான் வாசிப்பன்.

– வேண்டாம் அண்ணை. அம்மா போனடியில நிக்கிறா. இதையும் கெதியா எண்டே வாசியுங்கோ.