அரிப்பும் எரிவும்

குளிர்சாதனப் பெட்டி குளிரை உண்டாக்குகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது உள்ளே இருக்கும் சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவுதான். என் மனைவி பிரஷாந்தினிக்கு இதை எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன், அவள் நித்திரையாகும்வரை.

அது அவளுடைய நோய். பகலில், பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிழுவாள். பிரெஞ்சு பேசும் இந்த லாசால் பகுதியில், எங்கள் வீட்டுச் சோபாவில் அவள் சாய்ந்திருக்க, நான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே இருப்பேன். அது ஒரு நல்ல காலம்.

பிறகு டாக்டர் விழிப்பு மாத்திரை எழுதிக்கொடுத்தார். மருந்தகத்துப் பெண் பிரெஞ்சில் தெளிவாகச் சொன்னாள்: தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பிரஷாந்தினிக்குப் பிரெஞ்சு தெரியாது. "காலமை சாப்பிட்டாப்பிறகு ஒண்டு போடட்டாம்" என்று மொழிபெயர்த்தேன். வீணாக ஏன் பயமுறுத்துவது.

மாத்திரை நன்றாக வேலை செய்தது. மெட்ரோ ஏன் ரப்பர் சில்லில் ஓடுகிறது என்று நான் தொடங்கினால், "உதைப் போன கிழமையும் சொன்னனீங்கள். அதுவும் பிழையாத்தான்" என்றாள். பிரெஞ்சு வகுப்புக்கும் பெயர் கொடுத்துவிட்டாள்.

சில கிழமைகளில் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் தடிப்பு, உதட்டில் கொப்புளம். கீழ்வீட்டு மங்களா அக்கா வாசலோடு நின்றுவிட்டார்.

"அம்மாள் வந்திருக்கிறா தம்பி. ஆஸ்பத்திரி, கீஸ்பத்திரி எண்டு ஓடாதை, அம்மாள் கோவிப்பா. வேப்பிலை போடு, மோர் குடு."

இங்கே ஒரு வேறுபாடு இருக்கிறது. அம்மாள், அதாவது அம்மை நோய், அரிக்கும்; இது எரியும். அம்மாளில் தோலின்மேல் கொப்புளம் போடும். இதில் தோலே கழன்றுவரும். மருந்தை எதிரி என்று நினைத்து உடம்பு தன் தோலையே தாக்குகிறது. நுட்பமான வேலை. அவளுக்கு எரிந்தது. கண்ணும் சிவந்திருந்தது.

தமிழ்க் கடைக்குக் காரில் போய் வேப்பிலை வாங்கி வந்தேன். வழியில் ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்தச் சந்தியில் சிக்னல் விளக்குப் பச்சையாக இருந்தது. விழிப்பு மாத்திரையை அவளால் விழுங்க முடியவில்லை; தூளாக்கி மோரில் கலந்து கொடுத்தேன். மருந்தை இடையில் நிறுத்துவது பொறுப்பில்லாத செயல்.

"இஞ்சருங்கோ," என்றாள் ஒருநாள், உதட்டைப் பிரிக்க முடியாமல். "இது எப்பிடி வாறது? ஒருக்காச் சொல்லுங்கோவன்."

எவ்வளவு காலத்துக்குப் பிறகு கேட்கிறாள். கதிரையை இழுத்துப் போட்டு, அம்மாள் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எப்படித் தொற்றுகிறது என்று ஆதியிலிருந்து விளக்கினேன். அவள் ஒரு பிழையும் பிடிக்கவில்லை.

அவள் இறந்தபின் மரண விசாரணை அதிகாரி அன்பாகவே பேசினார். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டில் ஒருவருக்கும் அது விளங்கவில்லை, அறியாமையால் நேர்ந்த சாவு என்றார். மங்களா அக்கா தன்னால்தான் என்று இன்னும் அழுகிறார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

நீங்கள் கூப்பிடாமலே நான் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தது அந்த அதிகாரியின் ஒரு சொல்லுக்காகத்தான் ஐயா. மற்றதெல்லாம் அவர் சரியாகச் சொன்னார். அறியாமை என்பதை மட்டும் திருத்திவிடுங்கள். எனக்கு முதல் நாளே விளங்கிவிட்டது.