மேற்குக் கிளையில் இருபத்து மூணு தலை

...தலைவர் இப்ப ஒரு தீர்மானம் வாசிச்சார். நம்ம தெரு நூலகத்துக்கு யாரும் வர்றதில்லை, தினம் ஒரு மணி நேரம் திறந்தா போதும்னு. நீங்க கை தூக்குறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை சொல்லிடறேன். கதையில வர்ற முட்டாள் வேற யாரும் இல்லை... நான்தான்.

முப்பது வருஷம் மின்சார ரயிலுக்கு டைம்டேபிள் போட்ட ஆளு நான். ஜங்ஷன் தாண்டினதும் பாதை ரெண்டாப் பிரியும். கிழக்குக் கிளை, மேற்குக் கிளை. எதுக்கு எத்தனை வண்டின்னு முடிவு பண்றது யாரு? ஐயாதான். எப்படி? காலையில பிளாட்பாரத்துல நின்னு தலையை எண்ணுவேன். கிழக்குல நானூறு தலை. மேற்குல இருபத்து மூணு... அதுல ரெண்டு ஆடு. கிழக்குக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி, மேற்குக்கு ஒரு மணிக்கு ஒண்ணு. இதுக்குப் பாராட்டுப் பத்திரம் வேற குடுத்தாங்க. இன்னும் ஹால்ல மாட்டி வச்சிருக்கேன்.

ரிட்டயர் ஆனேன். வீடு வாங்கினேன். எங்க? மேற்குக் கிளையில. மனை அங்க மலிவு. ஏன் மலிவுன்னு இந்த மண்டைக்கு உறைச்சுதா? உறைக்கலை.

குடி போன மறுநாள் ஸ்டேஷனுக்குப் போறேன். வண்டி அப்பத்தான் போயிருக்கு. பெஞ்சுல ஒரு அம்மா, பேரு ரஞ்சிதம், ஆஸ்பத்திரியில ஆயா வேலை. ஓடி வந்தும் வண்டியை விட்டுட்டாங்க. இன்னொரு நாள் லேட்டானா வேலைக்கே வராதேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாராம். அன்னிக்குத்தான் அந்த இன்னொரு நாள்.

நான் பெரிய மனுஷனாட்டம் சொல்றேன், "இந்தப் பக்கம் கூட்டம் இல்லைம்மா. அதான் வண்டி கம்மி."

ஒரு பார்வை பார்த்தாங்க... "வெளியில ஷேர் ஆட்டோவுல தொங்குறது யாரு சார்? ஒரு மணிக்கு ஒரு வண்டின்னா எவன் இங்க வந்து நிப்பான்? டைம்டேபிள் போட்ட மவராசன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்..."

மவராசன் மெல்ல நாலடி தள்ளிப் போய் நின்னுக்கிட்டார்.

அவங்க வேலை போச்சு. கேள்விப்பட்டதும் பழைய ஆபீசுக்கு ஓடினேன். என் நாற்காலியில இப்ப குணசீலன். "தலையை எண்ணிட்டு வண்டி விடுன்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க? அங்க தலை இல்லையே" ங்கிறார். எட்டு மாசம் நடையா நடந்தேன். கடைசியில சோதனைக்குன்னு இருபது நிமிஷத்துக்கு ஒரு வண்டி விட்டாங்க.

இன்னிக்கு அதே வண்டியிலதான் வந்தேன். நிக்க இடமில்லை. ரஞ்சிதம் அம்மாவுக்கு வேற ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருச்சு, ஜன்னலோரம் உக்காந்திருக்காங்க. போன வாரம்தான் தைரியம் வந்து, அந்த மவராசன் நான்தாம்மான்னு சொன்னேன். "அப்ப நின்னுக்கிட்டே வாங்க சார்" னுட்டாங்க. நின்னுக்கிட்டேதான் வர்றேன்.

ஐயா, அம்மா... நம்ம நூலகத்தை எத்தனை மணிக்குப் பூட்டுறோம்? அஞ்சரைக்கு. வேலைக்குப் போனவங்க தெருவுக்குள்ள வர்றது எத்தனை மணிக்கு? ஆறரைக்கு. கதவைப் பூட்டி வச்சிட்டு யாரும் வரலைன்னு சொல்றோம். எட்டரை வரைக்கும் திறந்து வைங்க. மூணு மாசம்... மூணே மாசம். அப்புறம் தலையை எண்ணுங்க.

எண்ணுறதுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க.