பத்தாத துணிகள்

மனுஷ உடம்பு காலையில் ஓர் அளவாகவும் சாயங்காலம் ஓர் அளவாகவும் இருக்கும். அதனால்தான் என் கடைக்கு அளவு கொடுக்க வருகிறவர்களிடம், சாப்பிட்ட கையோடு வராதீர்கள் என்று சொல்வேன். பெண்கள் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள். ஆண்கள் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார்கள். எக்கிய வயிற்றோடு அளவு கொடுத்துவிட்டு, பிறகு பட்டன் தெறித்தது என்று என்னிடமே சண்டைக்கு வருவார்கள்.

தண்ணீர் போதும், ஐயா. காபி வேண்டாம். உடம்புக்கு ஒன்றுமில்லை, அசதிதான். சில மாதங்களாகவே இந்த அசதி இருக்கிறது. ஒருத்தன் இரண்டு ஆள் வேலை பார்த்தால் வரும் அசதி. சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டின் முன்னறைதான் என் கடை. பின்னறைகளில் நானும் என் மனைவியும் இருந்தோம். பிள்ளைகள் இல்லை. அவள் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தாள். அந்த வேலை எல்லோருக்கும் வராது. அறையில் வெந்நீர் வரவில்லை என்று சண்டை போட வருகிற ஆள், அவளிடம் ஐந்து நிமிஷம் பேசிவிட்டு, அவளுடைய உடல்நலத்தை விசாரித்துவிட்டுப் போவான். முதலாளிக்கு இது தெரியும். வேறொரு ஊரில் புது ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்தார். அதற்கு அவளையே மேனேஜராகப் போடுவது என்று முடிவு செய்தார்.

அன்றைக்கு அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கடைக்குள் வந்தாள்.

"என்னங்க, என்னையே மேனேஜராப் போடுறாங்களாம். தங்கிக்க வீடும் தர்றாங்க. நீங்களும் வந்துடுங்க. தையல் மெஷினைத் தூக்கிட்டுப் போக முடியாதா என்ன?"

"போகலாம், பாக்கலாம்" என்றேன்.

எனக்குச் சந்தோஷம்தான். அதே சமயம் பயமாகவும் இருந்தது. அங்கே போனால் அவள் மேனேஜர், நான் மேனேஜரம்மாவின் புருஷன். போகாவிட்டால் இந்த வீட்டில் நான் மட்டும். இரண்டையும் நினைத்துப் பார்த்தேன், இரண்டுமே பிடிக்கவில்லை. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். சொன்னால் அவள் போகாமல் இருந்துவிடுவாள், ஐயா. பிறகு ஆயுசு முழுக்க என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அது ஞாபகம் வரும். அந்தக் கஷ்டத்தை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மேனேஜருக்குக் கருநீலக் கோட்டும் ஸ்கர்ட்டும். துணியை ஹோட்டலிலேயே கொடுத்தார்கள். நான்தான் தைத்தேன், நன்றாகவே தைத்தேன். போட்டுப் பார்த்தபோது கச்சிதமாக இருந்தது. கண்ணாடியில் தன்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். நான் பின்னால் நிற்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. முதலாளியைப் பார்க்கப் போகும் நாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள் பக்கத் தையலைப் பிரித்து, இரண்டு பக்கமும் அரை விரற்கடை பிடித்துத் தைத்தேன்.

போகிற அன்றைக்கு நடு பட்டன் எட்டவில்லை. கதவோரத்தில் நின்று மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தாள்.

"ரெண்டே வாரத்துல ஒருத்தி இப்படி ஊதுவாளா?"

"வயசாகுதுல்ல" என்றேன். "பிரிச்சு விடலாம்னா உள்ள துணியே இல்லையே."

உள்ளே துணி இல்லை என்பது உண்மை. பிடித்துத் தைத்த பிறகு மிச்சத்தை வெட்டிவிட்டேன். வெட்டாமல் விட்டால் மடிப்பு தடித்து உடம்பில் உறுத்தும். அவளுக்கு மென்மையான தோல்.

அன்றைக்குப் பழைய சீருடையில் போய், கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தாள். கட்டடம் முடியும்வரை யோசித்துச் சொல் என்றாராம் முதலாளி. காரியம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவள் அந்தக் கோட்டை எடுத்துப் படுக்கையறைக் கதவின் கொக்கியில் மாட்டினாள்.

"வேற ஒண்ணு பெருசாத் தைச்சுத் தரவா?" என்றுகூடக் கேட்டேன்.

"வேணாம். இது எனக்குப் பத்துற அன்னிக்குத்தான் கிளம்புவேன். கட்டடம் எழும்புறதுக்குள்ள நான் இறங்கிடுறேன், பாருங்க."

அவள் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாது. மறுநாளே பக்கத்துத் தெரு டீச்சரோடு சேர்ந்து காலையில் பூங்காவுக்கு நடக்கப் போனாள். நடை சீக்கிரமே ஓட்டமாயிற்று. எண்ணெய் வீட்டை விட்டுப் போனது, சர்க்கரையும் கூடவே போனது. அவித்த காய், ஒரு முட்டை, பாதி ரொட்டி. எனக்கு மட்டும் தனியாகச் சமைத்து வைப்பாள். அவள் அந்தப் பக்கம் ஓடப் போனதும் நான் இந்தப் பக்கம் அவள் துணிகளை எடுத்துக்கொண்டு மெஷினில் உட்காருவேன்.

கோட்டை மட்டும் பிடித்தால் போதாது, மற்ற துணிகள் காட்டிக்கொடுத்துவிடும். எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும். இடுப்பை மட்டும் பிடித்தாலும் போதாது, தோள், கைக்குழி, மார்பு என்று எல்லாம் ஒன்றாக வர வேண்டும். பிரித்த இடத்தில் ஊசித் துளை தெரியாமலிருக்க ஈரத்துணி போட்டு இஸ்திரி போட வேண்டும். அவள் பாட்டுக்கு இளைத்துக்கொண்டே போனாள். நான் விடாமல் பின்னாலேயே போக வேண்டியிருந்தது. வாடிக்கையாளர்கள் தங்கள் துணிக்காக நடையாய் நடந்தார்கள். எனக்குக் கண்ணெல்லாம் எரிந்தது.

"பச்சத் தண்ணி குடிச்சாலும் ஒடம்புல ஒட்டுதுங்க" என்பாள். முதலில் அதைச் சிரிப்பாகத்தான் சொன்னாள். மோதிரம் விரலிலிருந்து நழுவி வாளித் தண்ணீரில் விழுந்தபோதும் சிரித்தாள். "எங்க இளைக்கணுமோ அங்க இளைக்காம, விரல்ல போய் இளைக்குது பாருங்க கூத்த."

டீச்சர் என்னிடமே வந்து சொன்னார். "என்ன சார், அவங்க துரும்பா இளைச்சுட்டாங்க, நீங்க ஒண்ணும் சொல்றதில்லையா?" என்றார். அவளிடமும் இதையே சொல்லியிருக்கிறார், அவள் நம்பவில்லை. டீச்சருக்கு நல்ல மனசு, ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றாள். வெளியூரிலிருக்கும் அவள் அக்கா போனில் கேட்டுவிட்டு, தைராய்டாக இருக்கும், சோதித்துப் பார் என்றார். சோதித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. டாக்டரம்மா அவளை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு அதட்டினாராம். நீ சாப்பிடவே மாட்டாயா, எடை இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்று.

வெளியே வந்து தெருவிலேயே என்னைக் கேட்டாள். "எடை கம்மியாம். அப்புறம் ஏங்க துணி பத்தல? அவங்க மெஷின் பழுதா, இல்ல எனக்குள்ள ஏதாவது வீங்குதா? நீங்க சொல்லுங்க, ஊரு ஒடம்பையெல்லாம் அளக்கிறவரு நீங்கதானே."

"எனக்கு எடையெல்லாம் தெரியாது. துணியில என்ன தெரியுதோ அதத்தான் நான் நம்புவேன்" என்றேன்.

யோசித்துப் பாருங்கள், அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஒரே ஒரு தடவை தடுமாறினேன். அவள் கடைவீதியில் ஒரு ரெடிமேட் ஸ்கர்ட் வாங்கிவிட்டாள். தன் பழைய அளவிலேயே வாங்கியிருக்கிறாள். போட்டால் இடுப்பில் நிற்காமல் கீழே வழிந்தது. கையால் பிடித்துக்கொண்டு கடைக்குள் ஓடி வந்தாள். அவள் முகத்தை அப்படிப் பார்த்து எத்தனையோ நாளாயிருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் வேறு உட்கார்ந்திருந்தார்.

"பெரிய கம்பெனிக்காரன் எல்லாம் தாராளமாத்தான் வெட்டுவான்" என்றேன். "போடுறவங்களுக்கு இளைச்ச மாதிரி இருக்கணும்ல. அதுதான் அவங்க வியாபாரம்."

எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வாடிக்கையாளரும் ஆமாம் ஆமாம் என்றார். அவள் ஸ்கர்ட்டைப் பிடித்தபடியே உள்ளே போனாள். அன்றிரவு அவள் பாதி ரொட்டியையும் தொடவில்லை. எனக்கு மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

கட்டடம் முடிந்துவிட்டது. அடுத்த வாரமே வந்து சேர முடியுமா என்று முதலாளி போன் செய்தார். அவள் கோட்டைக் கொக்கியிலிருந்து எடுத்தாள். பள்ளிக்கூடம் திறக்கும் சமயம், ஐயா. சீருடை வேலை கழுத்துவரை இருந்ததில் நான் பத்து நாளாக அவள் துணிகளைத் தொடவில்லை. பட்டன் மாட்டிக்கொண்டது. மூன்று பட்டனும்.

அவள் கத்தவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கோட்டின் முன்பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். "பத்திருச்சுங்க" என்றாள். பிறகு முதலாளிக்குப் போன் போட்டு வருகிறேன் என்றாள். அக்காவுக்குப் போன் போட்டு அழுதாள். ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டாள். தனக்கு மட்டும்தான் எடுத்தாள், நான் சீருடை வேலை முடிந்ததும் பின்னாலேயே வருவதாகப் பேச்சு.

"கழட்டிக் குடு, கசங்கியிருக்கு. நல்லா இஸ்திரி போட்டுத் தர்றேன்" என்றேன்.

கிளம்புகிற அன்றைக்குக் காலையில் அதைப் போட்டாள். நான் வாசல்பக்கம் நின்றிருந்தேன். முதல் பட்டனை இழுத்தாள், விட்டாள். மறுபடியும் இழுத்தாள். அதைக் கழற்றி ஒழுங்காக மடித்துப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, ஓடும்போது போடும் ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டாள். ரயில் மத்தியானம்தான். அதற்குள் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்திருப்பாள். பாவம், அவள் கணக்கு அப்படி.

பூங்காவில் விழுந்தவளை டீச்சர்தான் மடியில் போட்டுக்கொண்டிருந்தார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். பட்டினி கிடந்த உடம்பு, தாங்கவில்லை என்றார்கள். நான் அழுதேன். அந்த அழுகை நடிப்பு என்று உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் நினைக்கிறார்கள், அது அப்படி இல்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவள் அக்கா தன் மகளோடு வந்தார். அலமாரியைத் திறந்து, அவள் ஞாபகமாக ஏதாவது எடுத்துக்கொள்கிறேன் என்றார். பள்ளிக்கூடம் போகிற பெண், குச்சி மாதிரி இருக்கும். சித்தியின் கோட்டை ஆசையாகப் போட்டுப் பார்த்தது. கை பாதிக்கு மேல் நுழையவில்லை. அக்கா இன்னொன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். எதுவும் அந்தக் குழந்தைக்குப் பத்தவில்லை.

"தம்பி, இதெல்லாம் யாரோட துணி?"

"அவளோடதுதான்."

"இதுவா பத்தலன்னு என்கிட்ட அழுதா?"

துணியைப் புரட்டிப் பார்த்தார். உள்பக்கம் வரிசை வரிசையாக ஊசித் துளைகள், ஒரு கோட்டுக்குள் இன்னொரு கோடாக. முதல் தடவைக்குப் பிறகு மிச்சத்தை வெட்ட எனக்கு நேரமே இருக்கவில்லை. உள்பக்கத்தை நான் இஸ்திரி போட்டு மறைக்கவில்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது, பரவாயில்லை, இனி தைக்க வேண்டியதில்லை என்றுதான் முதலில் தோன்றியது.

அவள் இவ்வளவு இளைப்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். ஒருவர் வாசலில் வந்து நின்றாலே நான் அளவு சொல்லிவிடுவேன், டேப் எல்லாம் ஊருக்காகத்தான். ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் போன முறைக்கு எவ்வளவு குறைந்திருக்கிறாள் என்று என் விரலுக்குத் தெரியும். சாவாள் என்று தெரியுமா என்றும் கேட்டீர்கள். கடைசி முறை பிடிக்கும்போது, இதற்கு மேல் பிடிக்க இந்த உடம்பில் ஒன்றுமில்லை என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் தைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், எதையும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். நான் அவளுக்குக் கெடுதல் நினைத்ததில்லை. அங்கே அனுப்பியிருக்கலாமே என்று எல்லோரும் சுலபமாகச் சொல்கிறீர்கள். முன்பின் தெரியாத ஊர். வேலை, வேலை என்று கிடப்பாள். வேளைக்குச் சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்க அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.