வெள்ளிக்கிழமைப் படகில் பாடம் எடுத்த ஞானாம்பாள் டீச்சர்

1966 செப்டம்பர் 15, வியாழக்கிழமை, மாலை ஐந்தே முக்கால் மணி. இந்தச் சிதம்பரம் மண்டபத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். எண்ணிவிட்டுத்தான் மேடை ஏறினேன். இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் நம் பள்ளித் தலைமை ஆசிரியர் சபாபதி ஐயா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்!

நான் கடலூரில் மோட்டார் என்ஜின் வேலை படித்தவன். அலங்காரமாகப் பேச வராது. எனக்கு முன்னால் பேசிய மூவரும் ஞானாம்பாள் டீச்சரைத் தெய்வம் என்றார்கள். தெய்வமா? என் படகு என்ஜின் கொஞ்சம் புகைந்தால், "ஏம்ப்பா, இதுக்கா படிச்ச?" என்று பிள்ளைகள் முன்னாலேயே கேட்பாரே, அந்த டீச்சரைத்தான் எனக்குத் தெரியும்!

ஒன்றாம் வகுப்பை என் படகில் ஏற்றிப் பிச்சாவரத்து உப்பங்கழிக்குக் கூட்டிப்போனவர் அவர். எதற்கு? கொடுவா மீனையும் அதோடு வாழும் இருளர் மக்களையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள. கழி கடலில் சேரும் முகத்துவாரத்தில் பொரிக்கிற குஞ்சு கழிக்குள் ஏறி வளரும். வளர்ந்தது முட்டையிட மறுபடி முகத்துவாரத்துக்கே இறங்கும். இதை டீச்சர் சொல்லவில்லை. இருளர் வீட்டு மங்கலத்தம்மாவைச் சொல்ல வைத்தார். பிடித்ததைப் போடும் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் கையாலேயே துழாவி மீன் பிடிப்பவர் அவர். மழைக்காலம் தொடங்கியதும் கையில் சிக்கும் முதல் கொடுவாவை, "போயி புள்ளகுட்டியோட வா தாயி" என்று விட்டுவிடுவார்.

"மீன் புடிக்கிறதெல்லாம் ஒரு பாடமா டீச்சர்?" என்று கேட்டார் நம் அப்துல் ஹக் பாய். "திங்கத் தெரிஞ்சா போதுமா பாய்? யாரு புடிச்சாங்கன்னு தெரிய வேணாம்?" என்றார் டீச்சர். அடுத்த வாரம் பாயே மகளைக் கொண்டுவந்து படகில் ஏற்றினார். அதோ, சிரிக்கிறார் பாருங்கள்!

பாடம் பிள்ளைகள் மனதில் பதிந்ததா? போன வருஷம் மழை தொடங்கிய சமயம் பள்ளி இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் சாப்பாட்டுக்கென்று சபாபதி ஐயா உயிரோடு ஒரு கொடுவா வாங்கித் தொட்டியில் விட்டிருந்தார். பதினோரு மணிக்குத் தொட்டி காலி! அந்த மழைக்கு முதலில் வந்த கொடுவா அதுதானாம். ஒன்றாம் வகுப்பே சேர்ந்து சாக்கில் சுற்றித் தூக்கிப்போய் வாய்க்காலில் விட்டுவிட்டது.

"மீன் எங்க டீச்சர்?" என்று கேட்டார் சபாபதி ஐயா.

"முட்டை போடப் போயிருக்கு சார்!" என்று முந்திக்கொண்டு கத்தினார்கள் பிள்ளைகள்.

இன்ஸ்பெக்டருக்குக் கத்தரிக்காய்க் குழம்புதான்.

"இந்தப் படகு வகுப்பே இனிமே வேணாம்" என்று கொதித்தார் ஐயா. "ஒரு நாள் வாங்க சார். பாத்துட்டு நிறுத்துங்க" என்றார் டீச்சர். ஐயா வந்தார். மங்கலத்தம்மா "எறங்குங்க சார்" என்றதும் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். அரை மணி நேரம் துழாவி ஒரே ஒரு இறால் பிடித்தார். பிள்ளைகள் போட்ட கூச்சல் இருக்கிறதே! வகுப்பு நிற்கவில்லை.

டீச்சர் காய்ச்சலில் போய் மூன்று வெள்ளிக்கிழமை ஆகிறது. படகு கட்டியே கிடக்கிறது. டீச்சர் நேரில் போய்க் கூப்பிட்டுச் சேர்த்த இருளர் பிள்ளைகள் ஒன்பது பேரும் பள்ளிக்கூடம் வருவதில்லை. "இனிமே எங்கள யாரு கூப்புடப் போறா?" என்று மங்கலத்தம்மா என்னிடம் கேட்டார். யார் பதில் சொல்வது? படத்துக்கு மாலை போட்டால் அந்த ஒன்பது பேர் வந்துவிடுவார்களா?

அதனால், நான் செய்யப்போவது இதுதான்:

1. இங்கிருந்து நேரே போய் என்ஜினைக் கழற்றிச் சுத்தம் செய்வேன்.

2. நாளைக் காலை ஆறு மணிக்கு இருளர் குடியிருப்புக்குப் போய், ஒன்பது பிள்ளைகளையும் பேர் சொல்லிக் கூப்பிடுவேன்.

3. பாடத்தை மங்கலத்தம்மாவே நடத்தட்டும் என்று சபாபதி ஐயாவிடம் அனுமதி கேட்பேன். இப்போதே கேட்கிறேன், ஐயா.

4. ஏழு மணிக்குப் படகை எடுப்பேன். ஐயா சரி என்றாலும் எடுப்பேன், இல்லை என்றாலும் எடுப்பேன்.