கப்பல் சுவரில் எண்ணூர்

ஓடுகிறேன். வலது கையில் பெயிண்ட் டப்பா. கப்பலின் மூக்கிலிருந்து பின்பக்க அறைகள் வரை நூறு மீட்டருக்கு மேல் திறந்த தளம். ஒதுங்க இடம் கிடையாது. சைரன் ஊதுகிறது. முதல் குண்டு கரையில், தானியக் கிடங்கின் மேல் விழுகிறது. சத்தத்துக்கு முன்பே அதிர்வு வருகிறது. கால் வழியாக ஏறிப் பல்லில் நிற்கிறது. செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது இருபது.

இரண்டாவது குண்டு தண்ணீரில். தண்ணீர் எழுந்து நின்றது. பிறகு மொத்தமாகத் தளத்தின் மேல் விழுந்தது. வழுக்கி விழுந்தேன். டப்பாவை விடவில்லை.

பின்பக்கத்து இரும்புக் கதவு திறக்கிறது. செல்வம் வெளியே வருகிறான். வரக் கூடாது. சைரன் ஊதினால் எல்லோரும் கீழே, எஞ்சின் அறைக்கு. அது கேப்டனின் உத்தரவு. செல்வம் இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கத்துகிறான்.

"பாய், படுத்துக்காத. ஏந்து ஓடியா!"

எழுந்தேன். மூன்றாவது குண்டு விழுந்தது. அதன் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

என் பெயர் காசிம். தண்டையார்பேட்டை. பதினோரு வருடமாகச் சரக்குக் கப்பலில் மாலுமி. செல்வம் எண்ணூர்க்காரன். முகத்துவாரத்தை ஒட்டிய குப்பம். அதே கப்பலில் ஃபிட்டர். அதற்கு முன் காசிமேட்டில் விசைப்படகுகளுக்குப் பெயர் எழுதியவன். படமும் போடுவான். கோதுமை ஏற்றப் போனோம். இருபத்தொரு பேர். பாதிதான் ஏற்றியிருந்தோம். போர் தொடங்கிவிட்டது. துறைமுகத்தை மூடினார்கள். வெளியே கடலில் கண்ணிவெடிகள். போகவும் முடியாது, இறங்கவும் விடமாட்டார்கள். நாட்டின் பெயரை எழுதவில்லை. அங்கே இன்னும் ஆட்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் வாரம் குண்டு தூரத்தில் விழுந்தது. எண்ணிக்கொண்டிருந்தோம். இரண்டாவது வாரம் எண்ணுவதை நிறுத்தினோம்.

செல்வத்துக்குக் கை நடுக்கம் வந்தது. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. ஒன்பதாம் நாள் அவன் சாப்பாட்டு அறைச் சுவரின் முன் பிரஷோடு நின்றான். கறுப்பு, வெள்ளை, சாம்பல், துரு நிற ப்ரைமர். கப்பலுக்கு அடிக்கிற பெயிண்ட். வேறு எதுவும் இல்லை. பிரஷைப் பிடித்ததும் கை நின்றது. அதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளை முதலில் போட்டான். பிறகு நிலையத்துச் சாம்பலைக் கொண்டுபோகும் குழாய்கள். நிலக்கரி இறக்கும் கிரேன்கள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து கையால் இறால் தடவும் பெண்கள். மேலே முழுக்கப் புகை. சுவரில் பாதி புகைதான்.

பதினாறாம் நாள் கேப்டன் வந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. வெளியே எரிகிற துறைமுகம் போதாதா, உள்ளேயும் எதற்கு, அழித்துவிடு என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வட்டச் சன்னலில் தெரிந்ததும் சுவரில் தெரிந்ததும் ஒன்றாகவே இருந்தன. செல்வம் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னான். இது இந்த ஊர் இல்லை, என் வீடு. படகில் போனால் இந்தப் புகையை வைத்துத்தான் கரை எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்போம். கேப்டன் அழிக்கச் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவரும் அந்தச் சுவரைப் பார்த்தபடிதான் சாப்பிட்டார்.

படத்தில் முகத்துவாரத்து ஆறு மட்டும் பாக்கி. வெறும் சுவராக விட்டிருந்தான். அதற்கு நீலம் வேண்டும் என்றான். கப்பலின் மூக்கில் இருந்த பெயிண்ட் அறையில் நீலம் இருந்தது. சாவி என்னிடம். நாள் தள்ளிக்கொண்டே வந்தேன். பிறகு இரண்டு நாள் குண்டு விழவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, ஓடிப்போய் எடுத்துவருகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

கண் திறந்தபோது கதவு இருந்த இடத்தில் கதவு இல்லை. செல்வம் குப்புறக் கிடந்தான். புரட்டினேன். கூப்பிட்டேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை. சமையலறை எரிந்துகொண்டிருந்தது. தீ சாப்பாட்டு அறைக்குப் போனது. மதியம் வரை எரிந்தது. வெள்ளிக்கிழமை எங்களைப் பஸ்ஸில் ஏற்றி எல்லை தாண்டவிட்டார்கள்.

ஊருக்கு வந்து ஒரு மாதம் நான் எண்ணூர்ப் பக்கம் போகவில்லை. திருவொற்றியூர் தாண்டினால் ரயிலிலிருந்தே புகைபோக்கி தெரியும். இருமுறை பாதியில் இறங்கித் திரும்பினேன். பிறந்ததிலிருந்து பார்த்த புகை. இப்போது அதைப் பார்த்தால் உடம்பு படுக்க இடம் தேடுகிறது.

மூன்றாம் முறை போய்விட்டேன். செல்வத்தின் மனைவி தேவி, எங்களைக் கப்பல் வேலைக்கு எடுத்த ஏஜெண்ட் அனுப்பிய கடிதத்தைக் காட்டினாள். உத்தரவை மீறித் தன் விருப்பப்படி வெளியே சென்றதால் மரணம் என்று இருந்தது. உயிர் பிழைத்த யாரையும் அவர்கள் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். டப்பாவைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அதையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. எழுந்து வெளியே நடந்தாள். பின்னால் போனேன். முகத்துவாரத்துக் கரையில் நின்றோம். தண்ணீர் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது.

"ஆத்துல நீலம் எங்கண்ணே கீது?" என்றாள். "நான் பொறந்ததுலேர்ந்து பாக்குறேன். இதே கலருதான். சாம்ப கலரு அவுரு கையிலயே இருந்துச்சே."

எந்த ஆற்றை அவன் அந்தச் சுவரில் பார்த்தான் என்று எனக்குத் தெரியாது. கிரேன் ஒன்று இரும்பை எங்கோ கீழே போட்டது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தலைக்கு மேல் கை. தேவி பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கை இறங்கும் வரை அங்கேயே இருந்தாள்.

பிறகு சொன்னாள். "எழுதிக் குடுண்ணே. உன்ன கூப்டத்தான் வெளிய வந்தாருன்னு எழுது. பெயிண்ட்டு சேதியும் எழுது. எதையும் விடாத."

எழுதியிருக்கிறேன். ஏஜெண்டுக்கு ஒரு பிரதி போயிருக்கிறது. பதில் வரவில்லை. இது உங்களுக்கான பிரதி.

கப்பல் பாதி மூழ்கி அங்கேயே நிற்கிறது. சாப்பாட்டு அறைச் சுவர் இல்லை. அந்தப் படத்தை யாரும் போட்டோ எடுக்கவில்லை. துறைமுகத்தில் படம் எடுக்கக் கூடாது என்று துறைமுகக்காரர்கள் எங்கள் போன்களைப் பறித்து வைத்திருந்தார்கள். என் இடது காது போயிற்று. இரண்டாவது எஞ்சினியருக்கு வலது கால், முழங்காலுக்குக் கீழே. போனவர்கள் இருபத்தொரு பேர். வந்தவர்கள் பத்தொன்பது. வராத இருவரில் ஒருவன் செல்வம், வயது முப்பத்து நான்கு, எண்ணூர். இன்னொருவர் சமையல்காரர் ரோமன். கடைசி வரை அடுப்பை அணைக்காமல் எங்களுக்குச் சோறு போட்டவர். ஊரும் வயதும் தெரியவில்லை. அவரை நாங்கள் யாரும் கேட்டதில்லை.