சஹனுக்கு ஆறாவது ஆள்

யுத்தம் முடிந்த வருடத்து நோன்பு விடுமுறை. கல்முனையிலிருந்து நாலு பத்துக்குப் புறப்பட்ட அக்கரைப்பற்று பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் பெருநாள் உடுப்புப் பைகளோடு ஒரு தகப்பன், பத்து வயது மகள், அவளுடைய மாமி.

“வாப்பா, ஒரு சஹன் தட்டுல ஆறு பேர் வட்டமா இரிந்து தின்னணும். நாம அஞ்சு பேர்தானே,” என்றாள் மகள்.

“நோன்போட சாப்பாட்டுக் கதையா?” என்றார் மாமி.

“பெருநாளைக்கு மறுநாள் பொத்துவில் கடற்கரைக்குப் போறம், ராத்தா. இப்ப செக்பொயின்ற்ல இறங்கி நடக்கவும் தேவல்ல. நீங்கதான் ஆறாவது ஆள். வராட்டி உங்கட பங்குக் கோழிக்கு என்ட புள்ளைகள் மூணும் அடிபடும்,” என்றார் தகப்பன் தன் அக்காவிடம்.

“சுனாமிக்குப் பொறகு நான் கடல் பக்கம் போனனா, தம்பி? என்னைய உட்டுடுங்க.”

“மாமி, கடலுக்கு முதுகு காட்டி இரிங்க. உங்களுக்குக் கடலே தெரியாது,” என்றாள் மகள்.

பஸ் சாய்ந்தமருது கடந்து காரைதீவுக்கு வந்தது. மாமி சொன்னார்:

“முதுகு காட்டமாட்டன் புள்ள. அது என்ன செய்யுதெண்டு எனக்குத் தெரியணும். சஹன்ல கடலப் பாத்த பக்கம் எனக்கு.”

மகள் இருக்கையில் ஏறி நின்றுவிட்டாள்.

“வாப்பா, ஆறு பேர்!”