ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர்

— அப்படின்னா இந்த நம்பர் எனக்கும்தான், இந்த அம்மாவுக்கும்தான். அதானே சொல்றீங்க மேடம்?

— ஆமாங்கய்யா. எங்க பல் மருத்துவக் காலேஜ்லயும் ஒண்ணுலேர்ந்து எண்ணிக்கிட்டு வந்தோம், இந்த யூனிவர்சிட்டி ஆஸ்பத்திரியிலயும் ஒண்ணுலேர்ந்து எண்ணிக்கிட்டு வந்தாங்க. தனியார் காலேஜை யூனிவர்சிட்டியோட சேர்த்தாச்சுன்னு போன மாசம் சர்க்குலர் வந்துச்சு. ஆளைச் சேர்த்தாங்க, நாற்காலியைச் சேர்த்தாங்க, பதிவேட்டையும் சேர்த்துட்டாங்க. நம்பர் இடிக்குமேன்னு ஒருத்தரும் யோசிக்கல.

— முப்பத்திரண்டு வருஷம் பஸ்ல கண்டக்டரா இருந்தவன் நான். ஒரு சீட்டுக்கு ரெண்டு பேர் வந்து நிப்பாங்க, பார்த்திருக்கேன். ஒரு ரிப்போர்ட்டுக்கு ரெண்டு பேர் வந்து நிக்கறதை இப்பத்தான் பார்க்கறேன்.

— கொஞ்சம் மெதுவாப் பேசுங்கய்யா. உங்க ரெண்டு பேருக்குமே கன்னத்துக்கு உள்பக்கம் ஆறாத புண்ணு. ரெண்டு பேருக்கும் கிள்ளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கு. பாட்டில் மேல பேர் கிடையாது, நம்பர் மட்டும்தான். இப்ப ரெண்டு ரிப்போர்ட் வந்திருக்கு. ஒண்ணு வெறும் புண்ணுங்குது. இன்னொண்ணு புற்றுங்குது. எது யாரோடதுன்னு...

— தெரியல.

— தெரியலங்கய்யா. டெய்லரம்மா, நீங்க ஒண்ணுமே கேக்கலியே. ஏதாவது சொல்லணுமா?

— ம்? இல்லம்மா. இவர் சொல்லட்டும்.

— பெரிய டாக்டர் நாலு மணிக்கு வருவார். மறுபடி கிள்ளி எடுத்து, இந்தத் தடவை பேரை எழுதி அனுப்பிடலாம்னார். ரிசல்ட் வர பத்து நாளாகும். அவர் வர்ற வரைக்கும் அந்த பெஞ்சுல உக்காருங்க. பொம்மைத் தலையெல்லாம் அடுக்கியிருக்கும், கொஞ்சம் ஒதுக்கிக்கோங்க.

— நீங்க உக்காரலியா மேடம்?

— இந்தப் பதிவறைக்கு என் மேஜை வந்து சேர்ந்துடுச்சுங்கய்யா, நாற்காலிதான் இன்னும் வரல. ஒரு மாசமா நின்னுக்கிட்டுத்தான் எழுதறேன்.

— வாங்க டெய்லரம்மா, இப்படி வாங்க. இந்தத் தலை ரெண்டையும் அந்தப் பக்கம் நகர்த்திட்டேன். ரப்பர் கன்னம், வாய் நிறையப் பல்லு. நம்மளைவிட நல்ல பல்லா வெச்சிருக்கானுங்க.

— அது சரி. பசங்க பல்லைக் குடைஞ்சு பழகற தலைங்க இதெல்லாம். எங்க காலேஜ்லேர்ந்து வந்ததுதான், மொத்தம் எண்பது. மேல ரூம் காலியாகற வரைக்கும் இங்க உக்காந்திருக்கு.

— எங்க காலேஜ்ங்கறீங்க. நீங்க அங்க வேலையா?

— சம்பளத்துக்கு இல்ல. இருபது வருஷமா அந்தப் பசங்களுக்கு வெள்ளைக் கோட்டு தெச்சுக் குடுக்கறேன். பாக்கெட்டு மேல காலேஜ் பேரு இருக்கும் பாருங்க, நீல நூல்ல, அது என் கைதான். இப்ப யூனிவர்சிட்டி பேரு வரணுமாம். முந்நூத்தி நாப்பது கோட்டு. நானே போட்ட பேரை நானே பிரிச்சுக்கிட்டிருக்கேன்.

— அதுக்குன்னு ஆஸ்பத்திரிக்குமா கொண்டு வருவீங்க?

— கை சும்மா இருந்தா மனசு கண்டதையும் தோண்டும். நீங்க பேசுங்க, நான் காதைக் குடுத்துக்கிட்டே பிரிக்கறேன்.

— பேரு போயிடுச்சு, ஆனா ஓட்டை வரிசையா நிக்குதே. இன்னும் படிக்க முடியுது.

— ரெண்டு தரம் தோய்ச்சா மூடிக்கும். துணிக்கு அந்த நல்ல குணம் உண்டு.

— கேளுங்க டெய்லரம்மா, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான். அது எனக்கு இருக்கக் கூடாதுன்னு நினைக்கறேன். நினைச்ச உடனே, அப்ப இந்த அம்மாவுக்கு இருக்கட்டும்னு நினைச்ச மாதிரி ஆயிடுது. உங்க மூஞ்சியைப் பார்க்கவே கூசுது.

— நீங்க உங்களுக்காக நினைச்சுக்கோங்க. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல.

— உங்களுக்குப் பயமே இல்லையா?

— இருக்கு. ராத்திரி இருந்ததைவிட இப்ப குறைச்சலா இருக்கு. பக்கத்துல ஆள் இருந்தா அப்படித்தான் போலருக்கு.

— வீட்டுல யாரு இருக்காங்க?

— மிஷின் இருக்கு. அவர் போய் ஒன்பது வருஷமாச்சு. பிள்ளைங்க இல்ல. தெச்சு முடிச்ச கோட்டெல்லாம் கொடியில தொங்கும், ஃபேன் காத்துல கையை ஆட்டும். சில நாள் அதுங்ககிட்ட பேசிடுவேன்.

— கோட்டு என்ன சொல்லும்?

— அது சரி. கோட்டு என்னத்தைச் சொல்லும், கிண்டலைப் பாரு.

— உங்களுக்குக் கிள்ளி எடுத்தது யாரு? எனக்கு எடுத்தவன் கையில ஏதோ முன்விரோதம் இருந்த மாதிரி இழுத்தான்.

— எங்க காலேஜ் டாக்டரம்மா. கை பட்டதே தெரியாது. இருபத்தஞ்சு வருஷம் அங்க வாத்தியாரா இருந்தவங்க. சேர்த்தப்போ எல்லாருக்கும் உத்தரவு வந்துச்சு, அவங்களுக்கு மட்டும் வரல. வயசாயிடுச்சுன்னு விட்டுட்டாங்க.

— இந்தப் பொம்மைத் தலைங்களுக்கு?

— வந்துச்சு. எண்பதுக்கும்.

— நல்லா சேர்த்தாங்க போங்க. ஏன் டெய்லரம்மா, இந்த ஜன்னலைப் பாருங்களேன். பெயிண்ட் அடிக்கறதுக்காகக் கட்டியிருக்கற பிளாஸ்டிக் தாளு, உப்புது, அடங்குது, உப்புது, அடங்குது. கட்டடமே படுத்துத் தூங்கற மாதிரி இருக்கு. வெளிச்சம்கூட குளத்துக்கு அடியில உக்காந்து மேல பார்த்தா வருமே, அப்படி வருது.

— எனக்கும் அப்பவே தோணுச்சு. சத்தம்கூட தூரத்துல கேக்குது. யாரோ ஸ்டூலை இழுக்கறாங்க, பக்கத்து ரூம்தான், ஆனா எங்கயோ இழுக்கற மாதிரி இருக்கு.

— ராத்திரி பூரா கண்ணை மூடல நான். இப்பப் பார்த்து கண்ணைச் சொக்குது.

— சாஞ்சுக்கோங்க. கூப்பிட்டா எழுப்பறேன்.

— இல்ல, தூங்க மாட்டேன். சும்மா கண்ணை மட்டும்...

— தூங்குங்க.

— ...

— கண்டக்டர் சார். சார். கை நீட்டிக்கிட்டு என்னமோ சொல்றீங்க.

— ம்? என்ன சொன்னேன்?

— உள்ள நகருங்க, உள்ள நகருங்கன்னீங்க. அந்தத் தலைங்களைப் பார்த்து.

— அட ராமா. தூங்கிட்டேனா? பஸ்ஸு வந்துச்சும்மா கனவுல. இந்தத் தலைங்க எண்பதும் ஏறி உக்காந்திருக்கு. உடம்பும் இருக்கு, எல்லாம் வெள்ளைக் கோட்டு. வாயை மட்டும் மூடவே மாட்டேங்குதுங்க. பஸ் ரோட்டுல போகல, தண்ணி மேல போகுது, ஒரு குலுக்கல் கிடையாது. நான் சீட்டைக் கிழிச்சுக் குடுத்துக்கிட்டே பின்னால போறேன். கடைசி சீட்டுல என் பொண்ணு.

— பொண்ணா? பொண்ணு இருக்காளா உங்களுக்கு?

— இருக்கா. கனவுல எட்டு வயசு, ஸ்கூல் யூனிஃபார்ம், ரெட்டைச் சடை. எங்கம்மா போகணும்னு கேட்டேன். சொல்லத் தெரியாம முழிச்சா. நீங்க எழுப்பிட்டீங்க.

— எழுப்பியிருக்கக் கூடாது நான்.

— பரவால்ல விடுங்க. அவ பதில் சொல்லியிருக்க மாட்டா. எங்களுக்குள்ள பேச்சு நின்னு ஆறு வருஷமாச்சு.

— ஏன்?

— அவளுக்குப் பிடிச்சவனை அவ கட்டிக்கிட்டா. நான் போகல. போகாததுகூடப் பெருசில்ல. போன் பண்ணினவகிட்ட, இனிமே என்னைக் கூப்பிடாதேன்னுட்டேன். கோவத்துல சொல்றதுதானே. அவ என் பொண்ணு, சொன்னா சொன்னதுதான். கூப்பிடவே இல்ல.

— நீங்களும் கூப்பிடல.

— நானும் கூப்பிடல. கேளுங்க, ஒரு தடவை என் பஸ்லயே ஏறினா. ரெண்டு வருஷம் முன்னாடி. இடுப்புல குழந்தை. நான் இருக்கேன்னு தெரியாம ஏறிட்டா. பார்த்ததும் இறங்கலாமான்னு யோசிச்சா, அதுக்குள்ள டிரைவர் எடுத்துட்டான். கிட்ட போய் நின்னேன். குழந்தைக்கு என்ன வயசுன்னு கேட்டேன்.

— அவ என்ன சொன்னா?

— மூணுன்னா. அப்ப டிக்கெட் வேண்டாம்னு சொல்லிட்டு அடுத்த சீட்டுக்குப் போயிட்டேன். என் பேத்தியைப் பத்தி நான் கேட்டது அது ஒண்ணுதான். இன்னைக்கு வரைக்கும்.

— அடக் கடவுளே.

— அன்னைக்கு டிப்போவுல போய் டாய்லெட்டுக்குள்ள நின்னு அழுதேன். அறுபது வயசு ஆம்பளை. யார்கிட்டயும் சொன்னதில்ல இதை. உங்ககிட்ட ஏன் சொல்றேன்னு தெரியல.

— நம்பர் ஒண்ணா இருக்குல்ல. அதான்.

— சிரிக்க வைக்காதீங்க, புண்ணு வலிக்குது. ஆனா ஞாயித்துக்கிழமை அவளே போன் பண்ணினா. ஆறு வருஷம் கழிச்சு. அப்பான்னா. பாப்பாவை ஸ்கூல்ல சேர்க்கறோம், முதல் நாள் நீங்க கொண்டுபோய் விடணும்னு கேக்கறாப்பா, தாத்தான்னு ஒருத்தர் இருக்கார்னு தெரிஞ்சு வெச்சிருக்காப்பான்னா. நாளைக்குக் காலையில ரயில். புதுச் சட்டைகூட எடுத்துட்டேன்.

— என்ன கலர்?

— இளநீலம். ஏன்?

— சும்மா கேட்டேன். எல்லாத்தையும் கேட்டு வெச்சுக்கணும்போல இருக்கு. பாப்பா எப்படி இருப்பா?

— யாருக்குத் தெரியும். பஸ்ல பார்த்தப்போ தூங்கிக்கிட்டிருந்தா. நெத்தி மட்டும் எங்க அம்மா நெத்தி.

— ஐயா, டெய்லரம்மா, பெரிய டாக்டர் வந்துட்டார். மரத்துப்போற ஊசி போட்டு ரெண்டு பேருக்கும் எடுத்துடுவாங்க. இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து போடுங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் பத்து நாள் ஊரை விட்டு எங்கயும் போகக் கூடாதுன்னார். கெட்டதா இருந்தா உடனே ஆபரேஷனுக்குத் தேதி போடணுமாம்.

— பத்து நாளா? மேடம், நாளைக்கு எனக்கு ரயில் இருக்கு.

— கேன்சல் பண்ணிடுங்கய்யா. எனக்குப் புரியுது. எங்க பக்கத்துத் தப்புதான். ஆனா ரிப்போர்ட்டுல பேர் இல்லாம நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க. நீங்க முதல்ல வர்றீங்களா, அவங்க வரட்டுமா?

— ஒரு நிமிஷம் குடுங்க மேடம். என் பொண்ணுக்கு ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்.

— சீக்கிரம் வாங்க. உள்ள அஞ்சு மணிக்குப் பூட்டிடுவாங்க.

— என்ன சொல்லப் போறீங்க கண்டக்டர் சார்?

— வரலன்னு சொல்லப் போறேன். வேற என்ன?

— விஷயத்தைச் சொல்லுங்க. பத்து நாள்தான், அப்புறம் வர்றேன்னு சொல்லுங்க.

— சொன்னா என்ன நினைப்பா? ஆறு வருஷம் எட்டிப் பார்க்காத மனுஷன், சாகப் போறோம்னு தெரிஞ்சதும் உறவு கொண்டாடறான்னு நினைப்பா. அப்படி நினைக்க மாட்டா, நல்லவதான், ஆனா எனக்கு அப்படித்தான் தோணும். நோயைத் தூக்கிக்கிட்டு அவ வாசல்ல போய் நிக்க மாட்டேன். காரணம் சொல்லாம வரலன்னுட்டா, கோவிச்சுக்குவா. கோவம் அவளுக்குப் பழக்கம்தான்.

— பாப்பா?

— பாப்பாவை அவங்கப்பன் கொண்டுபோய் விடுவான்.

— முதல் நாளைக்கு மறுபடி ஒரு நாள் வருமா சார்?

— வராது. தெரியும். பேச வைக்காதீங்க, எனக்கு அழுகை வருது. இந்தப் போன்ல எழுத்து கண்ணுக்கே தெரியல. இந்தாங்க, மகள்னு போட்டிருக்கான்னு பாருங்க.

— போட்டிருக்கு.

— அதை அழுத்திக் குடுங்க.

— நான் மாட்டேன்.

— குடுங்க, நானே அழுத்தறேன். ம், அடிக்குது. உங்களுக்கு என்னம்மா ஆச்சு? ஏன் நீங்க அழறீங்க?

— கட் பண்ணுங்க சார்.

— கட் பண்ணினா மறுபடி அடிக்கத் தைரியம் வராது. ஷ், எடுத்துட்டா. ஹலோ... ஆமாம்மா, அப்பாதான்...

— அப்ப வர்றேன்னு சொல்லுங்க. புற்றுங்கற அந்த ரிப்போர்ட் என்னோடது. எங்க டாக்டரம்மா பாட்டில் அனுப்பின தேதியை வெச்சு விசாரிச்சு, காலையிலயே வீட்டுக்கு வந்து சொல்லிட்டாங்க. பதிவறையில குடுக்கச் சொன்ன கடுதாசி இதோ இந்தக் கோட்டுக்கு அடியிலதான் இருக்கு. நம்பர் எனக்கும்தான், இந்த அம்மாவுக்கும்தான்னு நீங்க சொன்னப்போவே, கொஞ்ச நேரம் ரெண்டு பேரா இருந்துக்கறேனேன்னு ஆசைப்பட்டுட்டேன்.